வெல்லம் தின்ற வாயோடு ஒயின் பார்த்த நாள்

ருசி மேஜைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

அடுத்த மாதம் நான் கோயமுத்தூர்க் கிளைக்குப் போகிறேன். அங்கே சரக்கு அனுப்புவதும் ஆட்களைப் பார்த்துக்கொள்வதும்தான் வேலை; மேஜை முன்னால் கரண்டியோடு நிற்கிற பாக்கியம் இனி எனக்கு இல்லை. போவதற்கு முன் உங்களுக்கு ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போ என்று மானேஜர் சொன்னார். காப்பிக்கொட்டையை எவ்வளவு வறுப்பது, எப்போது கலக்குவது, எப்போது வாயில் வைப்பது என்பதையெல்லாம் மேஸ்திரி உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். அதில் நான் தலையிடப் போவதில்லை. எதிரே நிற்கிறவர்கள் நம் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த வாயை என்ன செய்வது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் இப்போது காப்பி மூட்டை அடுக்கும் கிடங்கில், மதுவிலக்கு வருவதற்கு முன்னால் ஒயின் பீப்பாய்கள் இருந்தன. ஏற்காட்டுத் துரைமார்களின் கிளப்புக்கும் சில மாதா கோயில்களுக்கும் இங்கிருந்துதான் ஒயின் போகும். நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது அந்த ஒயினை ருசி பார்த்துத் தரம் சொல்லும் டேஸ்டருக்கு உதவியாளாக.

ஆட்டையாம்பட்டியில் எங்களுக்குத் தறி. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்ன வேலை என்று அப்பா கேட்டார். பொய் சொல்ல எனக்கு வராது. ஒயினை வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டுத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது என்று விளக்கினேன். அவர் தறியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "படிச்சவன் துப்புனாக்கூடச் சம்பளம் குடுக்கறாங்களாக்கும்" என்றார். அம்மா மட்டும் தினம் நான் வீடு திரும்பியதும் ஏதாவது பேச்சுக் கொடுத்து, நான் உளறுகிறேனா என்று பார்ப்பாள்.

முதல் நாள் டேஸ்டர் என் கையில் ஒரு கண்ணாடி டம்ளரைக் கொடுத்தார். நான் நம் வீட்டுப் பிள்ளை செய்வதைத்தான் செய்தேன். டம்ளரில் எச்சில் படாமல், தலையை அண்ணாந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து நேராகத் தொண்டைக்குள் ஊற்றிக்கொண்டேன். ஒரு சொட்டு சட்டையில் சிந்தவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருக்கிறது என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மூக்கையும் தாண்டிவிட்டது, நாக்கையும் தாண்டிவிட்டது, பிறகு யார்தான் ருசி பார்ப்பது? கிடங்கில் இருந்தவர்கள் வெகு நாள் வரைக்கும் என்னைப் பார்த்தால் அண்ணாந்து காட்டுவார்கள். நானும் சேர்ந்து சிரிக்கக் கற்றுக்கொண்டேன். டம்ளரை உதட்டில் வைத்து உறிஞ்சுவதற்கு இருந்த கூச்சம் போக அதைவிட நாளாயிற்று.

இனி செங்கோடக் கவுண்டர் தோட்டத்துக்கு வருகிறேன்.

ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் அவருடைய தோட்டம். வாலிபத்தில் ஏற்காட்டில் ஒரு துரையின் பழத்தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தவர். அங்கே திராட்சை பிழிந்து ஒயின் வைக்கக் கற்றுக்கொண்டு, ஊருக்குத் திரும்பியதும் பன்னீர்த் திராட்சைப் பந்தல் போட்டு, சர்க்கார் லைசென்ஸும் வாங்கிவிட்டார். வருஷா வருஷம் எங்கள் கடைக்குத்தான் சரக்கு. மனைவி இல்லை. வீட்டில் அவரும், ஒரே மகனும், மருமகள் பாவாயியும்.

கவுண்டருடைய ஒயினில் வாசம் கமகமவென்று இருக்கும். ஆனால் கோடை வந்தால் நிறம் வெளுத்து, வாசமும் ஓடிவிடும். கிளப்பில் குறை சொன்னார்கள். கடையிலிருந்து அதைப் பக்குவமாகக் கவுண்டரிடம் தெரிவித்தோம். அவர் காதில் வாங்கவில்லை; மருமகள் வாங்கிக்கொண்டாள்.

பாவாயி தர்மபுரிப் பக்கத்துப் பெண். அவளுடைய அப்பா தோட்டத்தில் தடித்த தோலும் மை போன்ற கறுப்புமாக ஒரு திராட்சை இருந்தது. கலியாணச் சீரில் பித்தளைப் பாத்திரங்களோடு அந்தத் திராட்சைக் குச்சிகளையும் ஈரச் சாக்கில் கட்டி அனுப்பியிருந்தார் அவர். அவள் அவற்றைக் கிணற்றுக்குக் கிழக்கே நட்டு, பந்தல் ஏற்றி, காய்ப்புக்குக் கொண்டுவந்துவிட்டாள். அந்த வருஷம் அதைப் பிழிந்து தனியாக வைத்து, மாமனாரின் பன்னீர் ஒயினோடு கலந்து ஒரு சாடி தயார் செய்திருந்தாள். மண் சுவர் நிற்பதற்கு வைக்கோல் சேர்ப்போமே, அந்த மாதிரி, ஓடிப்போகிற வாசத்தை அந்தக் கறுப்பு பிடித்து நிறுத்தும் என்பது அவள் கணக்கு.

கவுண்டர் அந்தக் கலவையை ருசி பார்த்தார். மூன்று தடவை பார்த்தாராம். மூன்று தடவையும் காறித் துப்பினாராம். நல்ல ஒயினைக் கெடுத்துவிட்டாள், அந்தப் பந்தலைப் பிடுங்கிவிட்டு மிளகாய் நடப் போகிறேன் என்று முடிவு கட்டினார். அதற்கு அவள், கடைக்காரர்கள் வந்து பார்த்துச் சொல்லட்டும், அவர்களும் வேண்டாம் என்றால் முதல் கொடியை நானே வெட்டுகிறேன் என்று சொல்லிவிட்டாள். இருவருக்கும் அதுதான் ஒப்பந்தம்.

கடையிலிருந்து போக வேண்டியவர் டேஸ்டர். அவருக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்கு அடைத்த டேஸ்டர் கண்ணை மூடிய வண்டிக்காரன் மாதிரி. ஆகவே என்னை அனுப்பினார். வேணும், வேண்டாம், இரண்டில் ஒன்றை அங்கேயே சொல்லிவிட்டு வா, கவுண்டர் காத்திருக்கிற மனிதர் இல்லை என்று சொல்லி அனுப்பினார். நான் சொல்லும் வார்த்தை கடையின் வார்த்தை. டம்ளர்களைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் ஏறும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

போய் இறங்கியதும் அது கொஞ்சம் தணிந்தது. கிழக்குப் பந்தல் ஓரமாகக் கூலியாட்கள் சிலர் கடப்பாரைகளைத் தரையில் ஊன்றிக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்பதில் கவுண்டருக்கு அவ்வளவு நிச்சயம். பாவாயியின் கணவன் எருதுகளைப் பூட்டிக் கிணற்றில் கவலை ஓட்டப் போய்விட்டான். அப்பாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நிற்பதைவிட எருதுகளுக்குப் பின்னால் நடப்பது மேல் என்று நினைத்திருப்பான். அவன் அன்று முழுவதும் இறைத்த தண்ணீருக்கு வயலெல்லாம் தெப்பக்குளமாகியிருக்க வேண்டும்.

கவுண்டர் மரியாதையாகத்தான் வரவேற்றார். கையைக் காலைக் கழுவிக்கொண்டதும் உள்ளே சாமி படத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார். ஒரு சொம்பில் புது ஒயின், பக்கத்தில் தட்டில் வெல்லம். தோட்டத்தில் புதிதாக எது வந்தாலும், நெல்லோ கடலையோ எதுவானாலும், சாமிக்கு வைத்த வெல்லத்தில் ஒரு கட்டியை வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் அந்த வீட்டில் தொடுவார்கள். எனக்கும் ஒரு பெரிய கட்டி கொடுத்தார். நான் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றேன். அதைத் தின்னலாமா என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. எங்கள் வீட்டிலும் தறியிலிருந்து புதுச் சேலை இறங்கினால் முதலில் வெல்லம்தானே.

பிறகு வாசலுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தோம். வெற்றிலை படிக்கம் ஒன்றைத் துப்புவதற்காகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பாவாயி கலவையைக் கொண்டுவந்து ஊற்றினாள். நிறம் பிரமாதம். முகர்ந்தேன், வாசம் அதைவிட. வாயில் வைத்தேன்.

பிஞ்சு வாழைக்காயைத் தோலோடு கடித்தது மாதிரி நாக்கு சுருண்டது. துவர்ப்பு, அதற்கு மேலே ஒரு புளிப்பு, அதற்கும் மேலே ஒரு கசப்பு. துப்பினேன். வேண்டாம் என்கிற வார்த்தை பல்லுக்குப் பின்னால் தயாராக நின்றது.

கவுண்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூலியாட்கள் பக்கம் திரும்பினார். கதவோரம் நின்ற பாவாயி அவரை முந்திக்கொண்டு பேசினாள்.

"மூஞ்சியச் சுளிக்கறதையெல்லாம் தீர்ப்புன்னு எடுத்துக்க முடியாதுங்க. வாயைத் தொறந்து சொல்லுங்க."

அவள் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் நான் தலையை ஆட்டியே காரியத்தைக் கெடுத்திருப்பேன். வாயைத் திறந்து சொல்வது என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. நேரம் வாங்குவதற்காக, பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போன வருஷத்து ஒயின் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டேன். அது கவுண்டரின் பன்னீர் ஒயின். கிடங்கில் என் கையாலேயே பாட்டிலில் அடைத்து, அவர் வீட்டுக்கும் சில பாட்டில்கள் அனுப்பியது. நான் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள்கூட அதை ருசி பார்த்திருந்தேன். இருட்டில் கொடுத்தாலும் கண்டுபிடிப்பேன்.

அதை வாயில் வைத்தால், அதுவும் புளித்தது. இனிப்பு என்பதே இல்லை. டம்ளர் அலம்பிய தண்ணீர் மாதிரி இருந்தது.

தம்பிகளே, என் வேலை நாட்களில் நான் உருப்படியாக யோசித்தது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அடுத்து வந்த அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் சொல்வேன். புது ஒயின் கெட்டிருக்கலாம். எனக்கு நன்றாகத் தெரிந்த பழைய ஒயினும் ஒரே ராத்திரியில் கெட்டுப்போகுமா? இரண்டும் கெடவில்லை என்றால் மூன்றாவதாக ஒன்று கெட்டிருக்க வேண்டும். அங்கே மூன்றாவதாக இருந்தது என் வாய் ஒன்றுதான். நாக்கை ஒரு சுற்றுச் சுற்றினேன். கடைவாய்ப் பல் இடுக்கில் வெல்லம் இன்னும் கரைந்துகொண்டிருந்தது.

கவுண்டருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் பார்த்தது என் முகத்தை மட்டும். அவர் குரல் மாறிவிட்டது.

"ஏனுங் தம்பி, என்னதும் நல்லால்லீங்களா? போன வருசம் தேனாட்டம் இருக்குதுன்னீங்களே?"

"ரெண்டு ஒயினுமே கெடலீங்க. என்ற வாய்தான் சரியில்ல. வெல்லம் தின்ன வாயி."

"சாமிக்கு வெச்ச வெல்லத்தையா குத்தம் சொல்றீங்க?"

கூலியாட்கள் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார்கள். நான் என்ன பதில் சொல்கிறேன் என்பதில் இப்போது ஒயின் மட்டும் இல்லை, என் முதுகும் அடங்கியிருந்தது.

"வெல்லத்துல என்னங்க குத்தம்? வெல்லத்துக்குப் பின்னால வந்து நிக்க எதுக்கும் தெம்பு கெடையாது. அதனாலதான் அதைச் சாமிக்கு வெக்கறோம். வெல்லத்தைத் தின்னுபோட்டுக் காப்பி குடிச்சுப் பாருங்க, சர்க்கரையே போடலியான்னு ஊட்டுல சண்டைக்குப் போவீங்க."

கவுண்டர் உள்ளே அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அப்படிச் சண்டைக்குப் போன அனுபவம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். நான் பணிவாகக் கேட்டேன்: கலவையை அவர் பார்த்த அந்த மூன்று தடவையும் முதலில் வெல்லம் வாயில் போட்டுக்கொண்டாரா என்று. புதுசைப் பின்னே எப்படித் தொடுவார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

சாமிக்கும் வெல்லத்துக்கும் செய்ய வேண்டிய மரியாதை முடிந்துவிட்டது, இனி சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம், என் வாயை நம்ப எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும் என்றேன். அவருக்கு இஷ்டம் இல்லை. பஸ்ஸைக் காரணம் காட்டினார், கூலியாட்களைக் காரணம் காட்டினார். ஆனால் பசிக்கிறது என்று சொல்கிற விருந்தாளியை எந்தத் தோட்டத்திலும் மறுக்க முடியாது.

பாவாயி ராகிக் களி போட்டாள். தொட்டுக்கொள்ள உப்புக்கண்டம். உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்த ஆட்டுக்கறியை நல்லெண்ணெயில் வறுத்திருந்தாள். கவுண்டரும் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டு, வாயைக் கொப்பளித்து, நிதானமாகத் தண்ணீர் குடித்து, முதலில் பழைய ஒயினைத்தான் கேட்டு வாங்கினேன். அது தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. நான் அடைத்த அதே ஒயின். அதற்குப் பிறகுதான் கலவையைத் தொட்டேன்.

துவர்ப்பு இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடுக்காயின் துவர்ப்பாக இல்லை, நாவல் பழத்தின் துவர்ப்பாக இருந்தது. அது கொஞ்சம் அடங்கியதும் அடியிலிருந்து பன்னீர் வாசம் மெதுவாக ஏறி வந்தது, துப்பிய பிறகும் வாயைவிட்டுப் போகவில்லை. எனக்கு ஒரு யோசனை தோன்றி, மிச்சம் இருந்த உப்புக்கண்டத்தில் ஒரு துண்டை மென்றுகொண்டே இன்னொரு வாய் வைத்தேன். உப்பும் கொழுப்பும் சேர்ந்தவுடன் அந்தக் கரடு இருந்த இடம் தெரியவில்லை. அன்று நான் துப்பாமல் விழுங்கியது அந்த ஒரு வாய்தான். அப்பாவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

அதே மாதிரி கறியோடு ஒரு வாய் பாருங்கள் என்று கவுண்டரிடம் டம்ளரை நீட்டினேன். அவர் பார்த்தார். மென்றார். புருவத்தை நெரித்துக்கொண்டு மருமகள் பக்கம் திரும்பினார்.

"சாடிய மாத்தி ஊத்திப்போட்டியா, பாவாயி?"

"அதே சாடிதானுங்க மாமா. சந்தேகமா இருந்தா நீங்களே மோந்து குடிங்க."

அவர் எழுந்தார். சாடிகள் வைத்திருந்த சாளைக் கொட்டகைக்குத் தானே நடந்தார். நாங்கள் வாசலில் இருந்தே பார்த்துக்கொண்டிருந்தோம். தானே மூடியைத் திறந்து, தானே டம்ளரில் மொண்டு, அங்கேயே நின்று குடித்தார். பிறகு திரும்பி வந்து, உப்புக்கண்டத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பாவாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

என் வேலை இன்னும் முடியவில்லை. வேணும், வேண்டாம், இரண்டில் ஒன்றைச் சொல்ல வந்தவன் நான். கறி இல்லாமல் வெறும் வாயில் அது இன்னும் முரடுதான். கிளப்புக்கு அதை அப்படியே கொண்டுபோனால் துரைமார்கள் பாட்டிலைத் திருப்பி அனுப்புவார்கள். வேணும் என்றால் கடைக்குப் பொய். வேண்டாம் என்றால் பந்தலுக்குப் பொய். கலவை நன்றாக இருக்கிறது, ஆனால் விற்கிற பதம் இன்னும் வரவில்லை, திறக்காமல் அடுத்த தை வரைக்கும் வைத்தால் கடை எடுத்துக்கொள்ளும் என்றேன்.

"ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்கன்னா மூணாவதா ஒண்ணச் சொல்றீங்களே" என்றார் கவுண்டர்.

"பச்சைச் சொவுத்து மேல ஓடு ஏத்த முடியாதுங்க. சொவுரு நல்ல சொவுரு. காயட்டும்."

கடை எடுத்துக்கொள்ளும் என்று சொல்ல எனக்கு யாரும் அதிகாரம் கொடுத்திருக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. மறுநாள் டேஸ்டரிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். தையில் தானே வந்து பார்ப்பதாகவும், என் வார்த்தை தப்பானால் அந்தச் சாடி முழுவதையும் என்னை அண்ணாந்து குடிக்க வைப்பதாகவும் சொன்னார். தையில் வந்தார், பார்த்தார், சாடியை வண்டியில் ஏற்றச் சொன்னார். அந்தக் கோடையில் கிளப்பிலிருந்து குறை எதுவும் வரவில்லை. அதுவே பெரிய பாராட்டு.

மதுவிலக்கு வந்த பிறகு கவுண்டர் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பந்தல்கள் இருக்கின்றன. பழமாக விற்கிறார்கள். பன்னீர்த் திராட்சை நாமக்கல் சந்தையைத் தாண்டுவதற்குள் நசுங்கிவிடுகிறது. பாவாயியின் பழம், அந்தத் தடித்த தோலோடு, லாரியில் மதராஸ் வரைக்கும் குலுங்கிக்கொண்டு போய் அப்படியே இறங்குகிறது என்று கேள்வி.

நீங்கள் காப்பி பார்க்கிறவர்கள். காலையில் வீட்டில் சர்க்கரைப் பொங்கலோ கச்சாயமோ தின்றுவிட்டு வராதே என்று உங்களிடம் எத்தனை முறை சொன்னாலும் ஏதாவது ஒரு நாள் தின்றுவிட்டுத்தான் வருவீர்கள். நம் வீடுகளில் நோன்பும் விசேஷமும் வந்துகொண்டேதான் இருக்கும்; கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல நமக்கு வராது, சொல்லவும் வேண்டாம். ஆனால் ஒரு சரக்கு மோசம் என்று வாய் சொன்னால், அதை வெளியே விடுவதற்கு முன்னால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை எடுத்து ருசி பாருங்கள். அதுவும் மோசமாக இருந்தால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, என் வாய் இன்று சரியில்லை என்று சொல்லுங்கள். மேஜையைச் சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாம் ஒரு நொடியில் துப்பிவிடுவது யாரோ ஒருவர் நட்டு, தண்ணீர் ஊற்றி, வருஷக்கணக்கில் காத்திருந்தது.

அன்று நான் கிளம்பும் நேரத்தில், கூலியாட்கள் கவுண்டரிடம் வந்து கடப்பாரையை எடுப்பதா வைப்பதா என்று கேட்டார்கள். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிற மனிதர் அவர் இல்லை. கிழக்குப் பந்தலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்கு அடுத்து வெறுமனே கிடந்த நிலத்தையும் பார்த்தார். வந்தது வந்தீர்கள், அங்கே பந்தக்கால் நடக் குழி போடுங்கள் என்று அவர்களை அனுப்பிவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பாவாயி, உங்கப்பனுக்குச் சொல்லியுடு. சீருல வந்துதே அந்தக் குச்சி, இன்னும் ரண்டு கட்டு வேணும்னு."

உள்ளேயிருந்து பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"சீரு ஒருக்காத்தானுங்க மாமா. இனி வேணுமின்னா நீங்க போய்த்தான் எங்கப்பங்கிட்டக் கேக்கோணும்."

கவுண்டர் என்னைப் பார்த்தார். நான் டம்ளர்களைத் துண்டில் சுற்றுவதில் மும்முரமாக இருந்தேன். அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, தர்மபுரிக்கு விடியற்காலை பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடமே கேட்டார்.